குடிச்சுட்டு வண்டி ஓட்டுறதைத் தடுக்க ஊரே கை சேர்த்தா என்ன பண்ணலாம்: முழுமையான வழிகாட்டி

குடிச்சுட்டு வண்டி ஓட்டக்கூடாதுன்னு தெரியாத ஆள் யாரும் இல்லங்க. போர்டுல எழுதியிருக்கு, டிவில சொல்றாங்க, லைசென்ஸ் எடுக்கும்போதே படிச்சாச்சு. ஆனாலும் ராத்திரி ஒரு பார் வாசல்ல அரை மணி நேரம் நின்னு பாத்தீங்கன்னா வண்டிங்க ஒண்ணொண்ணா ஸ்டார்ட் ஆகி கிளம்பிக்கிட்டேதான் இருக்கும், ஓட்டுற அத்தனை பேருக்கும் இது தப்புன்னு தெரியும். வண்டியில வந்துட்டான், வண்டியை அங்கயே விட்டுட்டுப் போக மனசு வரல, போறதுக்கு வேற வழியும் இல்ல, எவன் பிடிக்கப் போறாங்கிற தைரியம் வேற. இந்த நாலு காரணத்துல எந்த ஒண்ணையும் ஒரு பேனரோ ஒரு உறுதிமொழியோ தொடவே இல்ல பாருங்க. அதனாலதான் வருஷா வருஷம் ஊர்வலம் நடக்குது, விபத்தும் நடக்குது.

சரி, வேலை செஞ்சது எதுன்னு பாப்போம். அமெரிக்கால மாசசூசெட்ஸ் மாநிலத்துல 1988லேர்ந்து 5 வருஷம் 6 ஊர்கள்ல ஒரு முயற்சி நடந்துச்சு. ஊர் நிர்வாகத்துலயே ஒரு ஒருங்கிணைப்பாளர், அவருக்குக் கீழ போலீஸ், பள்ளிக்கூடம், சுகாதாரத் துறை, வியாபாரிங்க, சாதாரண ஜனங்கன்னு ஒரு குழு, என்ன பண்றதுன்னு அந்தந்த ஊரே முடிவு பண்ணிக்கிச்சு. மாநிலத்தோட மத்த ஊர்களோட ஒப்பிட்டா உயிர் போன விபத்துகள் 25 சதவீதம் குறைஞ்சுது, அதுலயும் குடி சம்பந்தப்பட்டது 42 சதவீதம் குறைஞ்சுது. மந்திரம் எல்லாம் ஒண்ணும் இல்ல, ஒரே நேரத்துல பல பக்கத்துலேர்ந்து நெருக்குனாங்க, அதையும் வருஷக்கணக்கா விடாம பண்ணாங்க. குடிச்சவனைத் திருத்துறதுக்குன்னு இதை எழுதல, முதல் கிளாஸ் கையில வர்றதுக்கு முன்னாடியே "எப்படி வீட்டுக்குப் போறது"ங்கிற கேள்விக்கு பதில் ரெடியா இருக்கிற மாதிரி ஒரு ஊரை மாத்துறது எப்படின்னுதான் இங்க படிப்படியா சொல்லப் போறேன்.

படி 1: குழுவுல இருக்கிறவங்களுக்கே முதல்ல விஷயம் தெரியணும்

இதைத் தாண்டிட்டு நேரா மீட்டிங் போடுறவங்க நிறைய, அப்புறம் மேடையில ஏறி ரெண்டு காபி குடிச்சா தெளிஞ்சிடும்னு அவங்களே பேசுவாங்க.

சட்டம் அனுமதிக்கிற அளவை இங்க 100 மில்லி ரத்தத்துல எத்தனை மில்லிகிராம் ஆல்கஹால்ங்கிற கணக்குல சொல்றேன். இந்தியால 30, ஸ்வீடன்ல 20, ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்லேர்ந்து 50, இங்கிலாந்துல 1967ல சட்டம் போட்டப்போ வச்ச 80. உலக சுகாதார நிறுவனம் பொதுவா 50க்கு மேல போகக்கூடாது, புதுசா ஓட்டுற இளவயசுக்காரங்களுக்கு 20தான்னு சொல்லுது. இந்த எண்ணெல்லாம் சட்டம் போட்ட கோடு, உடம்பு அந்தக் கோட்டைப் பாத்து வேலை செய்யாது. அமெரிக்கால பண்ண ஒரு பெரிய ஆய்வுல, குடிக்காதவரோட ஒப்பிட்டா 50லயே விபத்து வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்கு, 80ல நாலு மடங்கு, 150ல பன்னெண்டு மடங்குன்னு வந்துச்சு. அதனால "லிமிட்டுக்குள்ளதான் குடிச்சேன்"னு ஒருத்தர் சொன்னா அதுல பாதிதான் ஆறுதல்.

அடுத்து நேரம். லிவர் சராசரியா மணிக்கு 15 மில்லிகிராம் வேகத்துலதான் இதை வெளியேத்தும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். காபி, குளிர்ந்த தண்ணி, மோர், வாந்தி எடுக்கிறது, ஓடுறது எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது, காபி குடிச்சா தூக்கக் கலக்கம் இல்லாத போதை ஆசாமி ஒருத்தர் கிடைப்பாரு அவ்வளவுதான். கணக்கு போட்டுப் பாருங்க, நடுராத்திரி 12 மணிக்கு 150ல இருக்கிறவர் காலைல 7 மணிக்கு 45ல இருப்பாரு. நல்லா தூங்கி எந்திரிச்சு பல் விளக்கி பிள்ளையை ஸ்கூல்ல விட வண்டியை எடுக்கிற அந்த ஆள் பல நாட்டு சட்டப்படி இன்னும் போதையிலதான் இருக்காரு. காலைப் போதையைப் பத்தி யாருமே பேசுறது இல்ல, உங்க குழு பேசுனாலே பாதி ஊருக்கு அது புது செய்தியா இருக்கும்.

இன்னொண்ணு, ஆல்கஹால் உள்ள போனதும் முதல்ல மங்குறது கையோ காலோ இல்ல, தான் எந்த நிலைமையில இருக்கோம்னு எடை போடுற புத்திதான். "நான் ஸ்டெடியா இருக்கேன் மச்சான்"னு சொல்றவன் பொய் சொல்லல, அவனுக்கு நிஜமாவே அப்படித்தான் தோணுது. அதனால குடிச்சதுக்கு அப்புறம் யோசிச்சு முடிவெடுக்கச் சொல்ற எந்தத் திட்டமும் ஓடாது, இந்த ஒரு வரியை குழுவுல எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, இனி வர்ற எல்லா படியும் இதுலேர்ந்துதான் வருது.

போதைன்னா சரக்கு மட்டும் இல்லங்கிறதையும் இங்கயே சேத்துக்கணும். கஞ்சா, தூக்க மாத்திரை, பதட்டத்துக்குக் குடுக்கிற சில மாத்திரைங்க, கடுமையான வலி மாத்திரை, சளிக்கு வாங்குற பழைய வகை அலர்ஜி மாத்திரை, சில இருமல் மருந்து எல்லாமே ஓட்டுற திறமையைக் குறைக்கும், கூட கொஞ்சம் சரக்கும் சேந்துச்சுன்னா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விடும். தூக்கமும் அப்படித்தான், 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிறவரோட கவனம் ரத்தத்துல 50 இருக்கிறவர் அளவுக்கு இறங்கிடுதுன்னு சோதனைகள்ல பாத்திருக்காங்க.

படி 2: யாரையெல்லாம் உக்கார வைக்கணும்

கூட்டணின்னு சொன்னதும் லெட்டர்பேடுல பேரு போட 20 சங்கத்தைப் பிடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. வேண்டாம். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வேலை இருக்கணும், வேலை இல்லாத நாற்காலி போட்டோவுக்கு மட்டும்தான் வரும்.

ட்ராபிக் போலீஸ் கட்டாயம், ஆனா பெரிய அதிகாரி ஒருத்தர் திறப்பு விழாவுக்கு வந்துட்டுப் போறது போதாது, ராத்திரி ரோட்டுல நிக்கிற ஒரு இன்ஸ்பெக்டர் மட்டத்து ஆளு மாசாமாசம் வரணும். ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வார்டுலேர்ந்து ஒரு டாக்டரோ நர்ஸோ வரணும், ஏன்னா போலீஸ் கணக்குல வராத பாதி விபத்து அவங்க கண்ணுலதான் படும். பார், கிளப், ஹோட்டல் நடத்துறவங்களையும் கூப்பிடுங்க, எதிரி மாதிரி பாக்காதீங்க, வாசல்ல ஒருத்தன் அடிபட்டு செத்தா அவங்களுக்கும் தலைவலிதான். ஆட்டோ, கேப், ஆக்டிங் டிரைவர் சங்கம், பஸ் நிர்வாகம், கல்லூரி, ராத்திரி ஷிப்ட் ஓடுற கம்பெனிங்க, மருந்துக் கடைக்காரர், குடிநோய் சிகிச்சை தெரிஞ்ச ஒரு டாக்டர், ஊர் நிர்வாகத்துலேர்ந்து ஒருத்தர்.

அப்புறம் விபத்துல பறிகொடுத்த குடும்பங்கள். அமெரிக்கால 1980ல கேண்டி லைட்னர்ங்கிற அம்மா, தன்னோட 13 வயசு மகளை குடிகார டிரைவர் ஒருத்தர் ஏத்திக் கொன்னதுக்கு அப்புறம் தொடங்குன தாய்மார் அமைப்புதான் அந்த நாட்டோட பேச்சையே மாத்துச்சு, அதுவரைக்கும் "விபத்து, விதி"ன்னு இருந்ததை குத்தம்னு பாக்க வச்சாங்க. ஆனா ஒரு விஷயம், துக்கத்துல இருக்கிறவங்களை மேடைக்கு மேடை அழவைக்கிற பொருளா ஆக்கிடாதீங்க. அவங்க பேசணும்னா அவங்க இஷ்டம், இல்ல கணக்கு எழுதுற வேலைதான் வேணும்னாலும் அதையே குடுங்க.

சாராயக் கம்பெனி காசு குடுக்க வந்தா என்ன பண்றது? என்னைக் கேட்டா வாங்காதீங்க. அந்தக் காசோட வர்ற திட்டம் எல்லாம் "பொறுப்பா குடிங்க"ன்னு குடிக்கிறவன் தலையில பழியைப் போடுறதோட நிக்கும், விக்கிற நேரத்தையும் கடை எண்ணிக்கையையும் பத்தி நீங்க வாயைத் திறக்கும்போது அந்தக் காசு குறுக்க வந்து நிக்கும். உள்ளூர் பார் ஓனர் குழுவுல இருக்கிறது வேற, கம்பெனி உங்க பேனருக்குக் காசு குடுக்கிறது வேற.

முழுநேரமா ஒருத்தர் இதுக்குன்னே இருக்கணும், சம்பளத்தோட. எல்லாரும் சேவையா செய்றோம்னு ஆரம்பிக்கிற குழு மூணாவது மாசமே வாட்ஸ்அப் குரூப்பா சுருங்கிடும், குட் மார்னிங் மெசேஜ் மட்டும் வரும்.

படி 3: கடைசி கிளாஸ் எங்க குடிச்சாங்க?

இந்த ஒரு கேள்விதான் மொத்த வழிகாட்டிலயும் விலை மதிப்பு ஜாஸ்தி. குடிச்சுட்டு ஓட்டிப் பிடிபட்டவர் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேஸ் எழுதும்போதே "கடைசியா எங்க குடிச்சீங்க"ன்னு போலீஸ் கேட்டு எழுதி வைக்கணும். சில நாடுகள்ல இது வழக்கமாவே நடக்குது. கொஞ்ச மாசம் சேத்துட்டுப் பாத்தீங்கன்னா எல்லா இடமும் சமமா வராது, சில பேரு திரும்பத் திரும்ப வரும், அந்த இடங்கள்லேர்ந்து ஆரம்பிச்சா போதும். பாரே இல்லாம நண்பர் வீடு, கல்யாண மண்டபம், ரோட்டோரம் நிறுத்துன கார்னு வந்தா அதுவும் ஒரு தகவல்தான், ஏன்னா அப்போ பார் பக்கம் எவ்வளவு வேலை பாத்தாலும் பிரயோஜனம் இல்லன்னு அர்த்தம்.

கூடவே எமர்ஜென்சி வார்டுல பேரு, அடையாளம் எதுவும் இல்லாம நேரம், கிழமை, எந்த ரோடு, என்ன வண்டி, குடிச்சிருந்தாரா, ஓட்டுனாரா பின்னாடி உக்காந்து வந்தாரா இவ்வளவு மட்டும் எழுதி வாங்குங்க. அடையாளம் இல்லாம வாங்குறது ரொம்ப முக்கியம், ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ்ல மாட்டிப்போம்னு ஒருத்தர் பயந்து அடிபட்டும் வீட்டுலயே படுத்துக்கிட்டா அந்த உயிர் உங்க கணக்குலதான் போகும்.

இதை எல்லாம் ஒரு மேப்ல புள்ளி வச்சு மாட்டுங்க, பெரிய சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த ரெண்டு மூணு ரோடுன்னு கண்ணுக்குத் தெரியும். அதை வச்சு ஒரே ஒரு இலக்கை எழுதுங்க, "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்"னு எழுதாதீங்க, "வெள்ளி சனி ராத்திரி 9லேர்ந்து 3 மணி வரைக்கும் இந்த ரோட்டுல காயம் பட்ட விபத்து ரெண்டு வருஷத்துல கால் பங்கு குறையணும்"னு எழுதுங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்த எண்ணிக்கையையும் பக்கத்துலயே எழுதி வச்சிடுங்க, பின்னாடி தேடுனா கிடைக்காது.

படி 4: செக்கிங். பிடிக்கிறது கணக்கு இல்ல, பாக்கிறதுதான் கணக்கு

போலீஸ் செக்கிங்கை எத்தனை கேஸ் போட்டாங்கன்னு வச்சு அளக்கிறது பழக்கம். அது தப்பான அளவு. ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பர்ல ரேண்டம் ப்ரீத் டெஸ்டிங் கொண்டு வந்துச்சு, சந்தேகமே இல்லாட்டியும் யாரை வேணும்னாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம், அதையும் பெரிய அளவுல, எல்லாரும் பாக்கிற மாதிரி, விளம்பரத்தோட சேத்து பண்ணாங்க. உயிர் போன விபத்து சட்டுனு குறைஞ்சுது. அமெரிக்கால டென்னசி மாநிலம் 1994ல அபூர்வமா நடந்த செக்கிங்கை வாரக்கடைசி தோறும் ஆக்குச்சு, டிவியிலயும் பேப்பர்லயும் சொல்லிட்டே பண்ணாங்க, குடியால நடந்த உயிர்பலி விபத்து சுமார் 20 சதவீதம் குறைஞ்சுது. ரெண்டு இடத்துலயும் வேலை செஞ்சது "இன்னைக்கு என்னை நிறுத்திடுவாங்களோ"ங்கிற நினைப்பு, அது வீட்டுலேர்ந்து கிளம்பும்போதே மனசுல வந்துடணும்.

அதனால செக்கிங் அடிக்கடி நடக்கணும், இடம் மாறிட்டே இருக்கணும், ஒரு இடத்துல ராத்திரி முழுக்க நிக்கிறதை விட மூணு இடத்துல ஒண்ணரை மணி நேரம் நிக்கிறது மேல், பண்டிகை நாள்ல மட்டும்னு இருந்தா ஜனங்க பண்டிகை நாள்ல மட்டும் உஷாரா இருப்பாங்க. வர்றவங்களை எல்லாம் ஒரே மாதிரி நிறுத்தணும், மூணாவது வண்டின்னா எல்லா மூணாவது வண்டியும், பெரிய காரை விட்டுட்டு டூவீலரை மட்டும் பிடிச்சா ஜனங்களுக்கு வர்றது பயம் இல்ல, வெறுப்பு.

இங்க குழுவோட வேலை என்னன்னா, நடந்தப்புறம் செய்தியா வெளிய கொண்டு போறது, போலீஸுக்கு மெஷின் பத்தலன்னா ஊர் நிர்வாகத்துகிட்ட கேட்டு வாங்கித் தர்றது, ஊதுற குழாய் ஒவ்வொருத்தருக்கும் புதுசா மாத்துறாங்களான்னு பாக்கிறது, காசு வாங்கிட்டு விட்டாங்கன்னு புகார் வந்தா மூடி மறைக்காம பேசுறது. அப்புறம் அந்த "இங்க செக்கிங் நடக்குது, வேற ரோட்டுல போங்க"ன்னு லொக்கேஷன் போடுற குரூப்புங்க, சேவைன்னு நினைச்சுட்டுத்தான் பண்றாங்க. குடிச்சவனை லைட் இல்லாத சந்துக்குள்ள திருப்பி விடுறதுதான் அந்தச் சேவை.

போதைப்பொருளுக்கு ஊதுற மெஷின் வேலை செய்யாது. 2004 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம்தான் உலகத்துலயே முதல்ல ரோட்டுல எச்சில் எடுத்து டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சுது. உங்க ஊர்ல அந்த வசதி இல்லன்னாலும் ஆளோட நடை, கண்ணு, பேச்சை வச்சு கண்டுபிடிக்கிற பயிற்சியை போலீஸுக்கு ஏற்பாடு பண்ணலாம்.

படி 5: ஊத்திக் குடுக்கிற இடம்

சப்ளை பண்றவங்களுக்கு ஒருநாள் பயிற்சி குடுத்துட்டு சர்டிபிகேட் மாட்டுறது பரவலா நடக்குது. தனியா அது பெருசா எடுபடாது, ஏன்னா டிப்ஸை நம்பி இருக்கிற பையன் அஞ்சாவது ரவுண்டு கேக்கிற கஸ்டமர்கிட்ட போதும் சார்னு சொல்ல மாட்டான், சொன்னா மேனேஜர்கிட்ட அவனுக்குத்தான் திட்டு விழும். அதனால மேனேஜரையும் ஓனரையும் வச்சு விதியை எழுதுங்க: நிதானம் தவறினவருக்கு ஊத்த மாட்டோம், சொல்ற பையனுக்கு நிர்வாகம் துணை நிக்கும், கடைசி ஆர்டர் நேரம் இது, தண்ணியும் சாப்பாடும் கேக்காமலே டேபிளுக்கு வரும், ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசம்ங்கிற ஆபர் கிடையாது, வண்டியை ராத்திரி அங்கயே விட்டுட்டுப் போனா காலைல பத்திரமா இருக்கும், அதுக்கு பார்க்கிங் காசு கிடையாது. இந்தக் கடைசி விதி சின்னதா தெரியும் ஆனா பெருசு.

1990கள்ல கலிபோர்னியாலயும் சவுத் கரோலினாலயுமா 3 ஊர்கள்ல இந்த மாதிரி பார் விதி, செக்கிங், சிறுவர்களுக்கு விக்காம தடுக்கிறது, கடை அடர்த்தியைக் கட்டுப்படுத்துறது எல்லாத்தையும் சேத்துப் பண்ணாங்க, ராத்திரி நேர காய விபத்து 10 சதவீதம் குறைஞ்சுது. விளம்பரம் மட்டும் போட்டு வந்த குறைவு இல்ல இது.

"வியாபாரம் படுத்துடும் சார்"னு ஓனர் சொல்லுவாரு. அவருக்கு சொல்றதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. அமெரிக்கால யூட்டா மாநிலம் 2018 டிசம்பர் 30லேர்ந்து லிமிட்டை 80லேர்ந்து 50க்கு இறக்குச்சு, அந்த நாட்டுலயே முதல் மாநிலம். அடுத்த வருஷம் உயிர்பலி விபத்து விகிதம், சட்டம் வர்றதுக்கு முந்தின 2016ஓட பாத்தா 19.8 சதவீதம் குறைஞ்சுது, சரக்கு விற்பனையும் டூரிஸமும் பயந்த மாதிரி விழல.

படி 6: வீட்டுக்குப் போற வழி

இங்கதான் பல குழு தடுக்கி விழும். ஃப்ரீ கேப் கூப்பன் குடுப்பாங்க, யாரும் வாங்க மாட்டாங்க, ஏன்னா ஆளு போயிடலாம், வண்டி? காலைல வேலைக்குப் போக அதுதான் வேணும், ராத்திரி முழுக்க அங்க நின்னா என்ன ஆகுமோன்னு கவலை. ஆளையும் வண்டியையும் சேத்து வீடு சேக்கணும், அப்பத்தான் திட்டம்.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் கனடால கியூபெக்ல 1984ல ஆரம்பிச்ச 'சிவப்பு மூக்கு' ஆபரேஷன். லாவல் பல்கலைக்கழக கணித பேராசிரியர் ஜான்-மாரி டி கோனிங்க் அங்க நீச்சல் கோச்சாவும் இருந்தாரு, டீமுக்கு நிதி வேணும், அதுக்காக யோசிச்சதுதான் இது. டிசம்பர் பார்ட்டி சீசன்ல போன் பண்ணா மூணு வாலண்டியர் வருவாங்க, ஒருத்தர் உங்க வண்டியை ஓட்டுவாரு, ஒருத்தர் கூட உக்காந்து வழி பாத்துக்குவாரு, மூணாவது ஆள் அவங்க காரை பின்னாடியே ஓட்டிட்டு வந்து அந்த ரெண்டு பேரையும் திரும்ப ஏத்திட்டுப் போவாரு. கட்டணம் இல்ல, குடுக்கிற நன்கொடை இளைஞர் அமைப்புங்களுக்குப் போகும். கூப்பிடுறவருக்கு பயமும் இல்ல அவமானமும் இல்ல, "பசங்க டீமுக்கு காசு குடுத்தேன்"னு சொல்லிக்கலாம். ஜப்பான்லயும் தென்கொரியாலயும் இதையே முழுத் தொழிலா மாத்திட்டாங்க, போன் பண்ணா ஓட்டுறதுக்கு ஆளு வந்துடும். நம்ம ஆக்டிங் டிரைவர் மாதிரிதான், என்ன, ராத்திரி 11 மணிக்கு பத்து நிமிஷத்துல வரணும்.

இதை ஆரம்பிக்கணும்னா முதல்ல இன்சூரன்ஸைப் பேசுங்க, அடுத்தவர் வண்டியை வாலண்டியர் ஓட்டி ஏதாவது ஆனா யார் பொறுப்புன்னு எழுத்துல வாங்காம ஒரு சாவியையும் தொடாதீங்க. ஓட்டுறவங்க லைசென்ஸ், பழைய கேஸ் சரி பாருங்க, அவங்களையும் கிளம்புறதுக்கு முன்னாடி ஊதச் சொல்லுங்க. தனியா வர்ற பெண்களைக் கூட்டிட்டுப் போகும்போது டீம்ல ஒரு பெண் இருக்கணும். காத்திருக்கிற நேரம் ரொம்ப முக்கியம், நாப்பது நிமிஷம் ஆகும்னு சொன்னா போதையில இருக்கிறவன் "பரவால்ல நானே போறேன்"னுடுவான். வருஷம் முழுக்க முடியலன்னா ரெண்டு ராத்திரி, ரெண்டு ரோடுன்னு சின்னதா ஆரம்பிங்க, மேப்ல புள்ளி எங்க இருக்கோ அங்க.

குடிக்காம கூட வர்ற ஆளு ஒருத்தரை வச்சுக்கிறது நல்ல பழக்கம், பெல்ஜியத்துல 1995ல அந்த ஆளுக்கு 'பாப்'னு ஒரு பேரே வச்சு பிரச்சாரம் பண்ணாங்க, ஐரோப்பால பல நாட்டுக்குப் பரவுச்சு. ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு: "இருக்கிறதுலயே கம்மியா குடிச்சவன் ஓட்டட்டும்"னு கடைசியில முடிவு பண்றது, அப்புறம் ஓட்ட ஆளு இருக்குன்னு மத்தவங்க இன்னும் ஜாஸ்தி குடிக்கிறது. ஆளைக் கிளம்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும், அவர் அன்னைக்கு ஒரு சொட்டும் தொடக்கூடாது.

படி 7: சாவியைக் கேக்கிறது எப்படி

எல்லா ஏற்பாட்டையும் மீறி ஒருத்தன் சாவியோட எந்திரிப்பான். கூட இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கணும், நடிச்சுப் பாத்துப் பழகணும். எல்லார் முன்னாடியும் "நீ மப்புல இருக்கடா"ன்னு சொன்னா அவன் மானப் பிரச்சினை ஆக்கிடுவான், சாவி கிடைக்காது. தனியா ஓரமா கூட்டிட்டுப் போங்க, அவனுக்கு நெருங்கினவன் ஒருத்தன் மட்டும் பேசணும். "மச்சான், நான் இன்னைக்கு தனியா போக முடியாதுடா, என்கூட வா, ஆட்டோல போலாம், காலைல நானே வந்து உன் வண்டியை எடுத்துத் தரேன்." அவனைத் திட்டாம உதவி கேக்கிற மாதிரி இருக்கணும். வாதாடாதீங்க, போதையில இருக்கிறவன்கிட்ட லாஜிக் எடுபடாது, நேரத்தைக் கடத்துங்க, சாப்பாடு வாங்குங்க, சாவியை வாங்கி வேற ஆள்கிட்ட குடுத்துடுங்க. கைகலப்பு ஆகும் போல இருந்தா விலகிடுங்க, வண்டி நம்பரோட போலீஸுக்கு போன் பண்ணுங்க, அது துரோகம் இல்ல.

கூட உக்காந்து வர்றவனுக்கும் பொறுப்பு உண்டுங்கிறதை சட்டமே சொன்ன நாடு ஜப்பான், 2007லேர்ந்து சரக்கு குடுத்தவர், வண்டி குடுத்தவர், தெரிஞ்சே ஏறி உக்காந்தவர் எல்லாருக்கும் தண்டனை உண்டு.

படி 8: பசங்க

ரத்தம் பூசி, நொறுங்குன காரை ஸ்கூல் வாசல்ல நிறுத்தி பயமுறுத்துற நிகழ்ச்சி அன்னைக்கு எல்லாரையும் அழ வைக்கும், நாளடைவுல பழக்கம் மாறுதான்னு பாத்தா பலன் ரொம்ப சொற்பம். அதை விட 1981ல அமெரிக்கால ஒரு மாணவர் அமைப்பு கொண்டு வந்த ஒப்பந்தம் நல்ல யோசனை. பிள்ளை கையெழுத்து போடும்: நான் குடிச்சிருந்தாலோ, ஓட்டுறவன் குடிச்சிருந்தாலோ, எந்நேரமா இருந்தாலும் உங்களுக்கு போன் பண்ணுவேன். அப்பா அம்மா கையெழுத்து போடுவாங்க: வந்து கூட்டிட்டு வருவோம், அன்னைக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கேக்க மாட்டோம். நம்ம பெத்தவங்களுக்கு அந்த ரெண்டாவது பாதிதான் கஷ்டம், அதனால பயிற்சி பிள்ளைங்களை விட பெத்தவங்களுக்குத்தான் தேவை. ஸ்கூல் வகுப்புகளால பசங்க குடிச்சவனோட வண்டியில ஏர்றது குறையுதுன்னு ஆதாரம் இருக்கு, அதனால வகுப்புல "ஏறாத"ங்கிறதுக்கு நிறைய நேரம் குடுங்க.

படி 9: மாத்திரை

இதை மருந்துக் கடைக்காரரும் டாக்டரும் பாத்துக்கலாம், வேலை சின்னது. தூக்கம் வர வைக்கிற மருந்தோட கவர்ல "இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க, மதுவோட சேக்காதீங்க"ன்னு படிக்கிற அளவுக்குப் பெருசா ஸ்டிக்கர் ஒட்டுறது, குடுக்கும்போது "நீங்க என்ன வேலை பாக்கிறீங்க, ஓட்டுவீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேக்கிறது. லாரி, பஸ் டிரைவருக்கு சளி மாத்திரை குடுக்கும்போது தூக்கம் வராத வகை இருக்கான்னு பாக்கிறது. யாரும் தானா மருந்தை நிறுத்திடக்கூடாது, அதையும் ஸ்டிக்கர்லயே போடுங்க.

படி 10: பிடிபட்டவரை விட்டுடாதீங்க

பைன் கட்டிட்டு வெளிய வந்தா முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். திரும்பத் திரும்ப பிடிபடுறவங்க நிறைய பேருக்கு அது திமிர் இல்ல, குடிநோய். உலக சுகாதார நிறுவனம் உருவாக்குன 'ஆடிட்'ங்கிற 10 கேள்வி சோதனை ஒண்ணு இருக்கு, கேட்டு முடிக்க சில நிமிஷம்தான், எமர்ஜென்சி வார்டுலயோ கோர்ட் வளாகத்துலயோ கேக்கலாம், மதிப்பெண்ணைப் பாத்து அறிவுரை போதுமா சிகிச்சைக்கு அனுப்பணுமான்னு தெரியும். அடிபட்டுப் படுத்திருக்கிற அந்த நேரத்துல மனுஷன் கேக்கிற மாதிரி மத்த நேரத்துல கேக்க மாட்டான்.

ஊதுனாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும்ங்கிற இன்டர்லாக் கருவி வண்டியில இருக்கிற வரைக்கும் மறுபடி பிடிபடுறது சுமார் மூணுல ரெண்டு பங்கு குறையுது. கழட்டினதும் பழைய நிலைமைதான், அதனால கருவி இருக்கிற அந்தக் காலத்துலயே சிகிச்சையும் நடக்கணும், கோர்ட்டுக்கும் டாக்டருக்கும் நடுவுல தொடர்பு வச்சுக்கிற வேலையை குழு எடுத்துக்கலாம்.

படி 11: அளக்கிறது, தொடர்றது

மூணு மாசத்துக்கு ஒரு தடவை மேப்பை எடுங்க. உயிர்பலி எண்ணிக்கை சின்ன ஊர்ல வருஷத்துக்கு வருஷம் தானாவே ஏறி இறங்கும், அதை மட்டும் வச்சு ஜெயிச்சோம் தோத்தோம்னு முடிவு பண்ணாதீங்க. ராத்திரி நேரத்துல வேற வண்டி மோதாம தானா கவுந்த விபத்தைத் தனியா எண்ணுங்க, குடியைக் காட்டிக் குடுக்கிற நல்ல அளவு அது. செக்கிங்ல ஊதுனவங்கள்ல எத்தனை சதவீதம் லிமிட்டைத் தாண்டியிருந்தாங்க, ராத்திரி சேவைக்கு எத்தனை போன் வந்துச்சு, எத்தனை பேர் காத்திருந்து வெறுத்துப் போனாங்க, கடைசி கிளாஸ் பட்டியல்ல முதல் அஞ்சு இடம் மாறுச்சா. முடிஞ்சா இந்த வேலை எதுவும் நடக்காத பக்கத்து ஊரோட எண்ணையும் வச்சுப் பாருங்க, ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி குறைஞ்சிருந்தா அது உங்களால இல்ல, மழையாலயோ பெட்ரோல் விலையாலயோ இருக்கும்.

பட்டியல்ல முதல்ல வந்த பாரோட ஓனரைப் போய்ப் பாக்கும்போது பேப்பர்ல பேரைப் போட்டுட்டுப் போகாதீங்க, முதல்ல தனியா எண்ணைக் காட்டுங்க, மூணு மாசம் டைம் குடுங்க, மாறலன்னா லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரத்துல அந்தக் கணக்கை அதிகாரிங்க கிட்ட வைங்க. இன்ஸ்பெக்டர் மாறிப் போவாரு, கலெக்டர் மாறுவாரு, அதனால யார் வந்தாலும் கையில குடுக்கிற மாதிரி ரெண்டு பக்கத்துல எல்லாத்தையும் எழுதி வச்சிருங்க: மேப், இலக்கு, யார் யாருக்கு என்ன வேலை, அடுத்த மீட்டிங் தேதி. புது ஆளு சார்ஜ் எடுத்த முதல் வாரமே போய்ப் பாத்து அந்த ரெண்டு பக்கத்தைக் குடுத்துட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை செக்கிங்குக்கு எந்த ரோடுன்னு கேட்டுட்டு வந்துடுங்க.